சூரியனுக்குத் திரை, கீழ்க்கொல்லைக்கு லாரி

ஒலிபெருக்கியில் பட்டிமன்றத் தலைப்பைச் சொன்னதும் ஆம்பூர் ஜனம் சிரித்துவிட்டது. "சூரியனுக்குத் திரை போடலாமா, கூடாதா?" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒருவர் தலைக்கு மேலே துண்டை விரித்துப் பிடித்து, "இதோ போட்டாச்சு" என்றார். அதற்கும் சிரிப்பு. எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை மாதம் அது. மழை பொய்த்து, பாலாறு முழுக்க மணலாய்க் கிடந்தது. சாயங்காலம் ஆகியும் பந்தலுக்குள் அனல் அடங்கவில்லை. அந்த வெக்கையில் சூரியனைத் திட்டுகிற எந்தப் பேச்சுக்கும் கைதட்டக் கூட்டம் தயாராகத்தான் இருந்தது.

மேடையில் மனோரமா உட்கார்ந்திருந்தாள். வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள் அவள். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். சொந்த ஊர் ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் கீழ்க்கொல்லை. கல்லூரி மலரில் அவள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் விழாக் குழுவினர் இந்தத் தலைப்பைப் பிடித்தார்கள். முந்தின வருஷம் மெக்சிகோவில் ஓர் எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தகப் புகை மேகங்களுக்கும் மேலே ஏறி, உலகத்தைச் சுற்றிப் படர்ந்து, வெயிலில் கொஞ்சத்தைத் தடுத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்துப் பூமி சூடாகிக்கொண்டே வருகிறது. எரிமலை தானாகச் செய்ததை விமானங்களைக் கொண்டு நாமே செய்தால் என்ன என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் கேட்டிருந்தார்கள். செய்யலாம் என்பது மனோரமாவின் கட்சி.

எதிர்க்கட்சிக்கு ஜஹீதா. அதே கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. மனோரமாவுக்கு நெருங்கின தோழி. வாணியம்பாடிக்காரி. மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள்.

"அடுப்பை அணையம்மா என்றால், அடுப்பு பாட்டுக்கு எரியட்டும், நான் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறேன் என்கிறார் என் தோழி" என்று ஆரம்பித்தாள் ஜஹீதா. "தெளிக்கிற கை ஒருநாள் ஓயாதா? ஓய்ந்த அன்றைக்கு, அதுவரை அடக்கி வைத்த சூடெல்லாம் ஒரே மூச்சில் இறங்குமே, அதை யார் தாங்குவது? அதை விடுங்கள். திரையின் கயிறு யார் கையில்? எங்கோ ஒரு தேசத்துக்காரன் தன் ஊர் குளிரட்டும் என்று இழுத்து, இங்கே நமக்கு மழை நின்றுபோனால், எந்தத் தாலுகா ஆபீசில் போய் மனுக் கொடுப்பது?"

கூட்டம் ஆரவாரித்தது. மனோரமா எழுந்தபோது அந்தச் சத்தம் அடங்கவே நேரமாயிற்று. எழுதி வைத்திருந்ததை அவள் மடித்துக் கீழே வைத்தாள்.

"உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது. டாக்டர் வர வேண்டும், காரணம் கண்டுபிடிக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் ஆகும். அதுவரைக்கும் அம்மா நெற்றியில் ஒரு ஈரத்துணி போடுவீர்களா, மாட்டீர்களா? ஈரத்துணி போட்டால் டாக்டரைக் கூப்பிட மறந்துவிடுவோம் என்று சொல்லித் துணியைப் பிடுங்குகிற பிள்ளை இந்த ஊரில் யாராவது உண்டா? இருந்தால் எழுந்து நில்லுங்கள், பார்க்கலாம்."

யாரும் எழுந்து நிற்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பிற்று. அது பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. தெளிக்கிற கை ஓய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, "பெற்ற அம்மாவுக்குத் துணி நனைக்கிற கை ஏன் ஓய வேண்டும்?" என்று ஒரே வரியில் பதில் சொன்னாள். அதற்கும் கைதட்டல். போடலாம் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னபோது, அதற்கு முன்னாலேயே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தது.

இறங்கி வரும்போது வெள்ளை பேண்ட் சட்டையில் ஒருவர் வழிமறித்துக் கும்பிட்டார். பந்தலுக்கும் விளக்குக்கும் செலவு செய்த டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், மேனேஜர் கங்காதரன்.

"ஈரத்துணின்னு ஒண்ணு சொன்னீங்க பாருங்க மேடம். படிச்சவங்க பேச்சு எனக்கு ஏறாது. இது ஏறிடுச்சு."

மனோரமாவுக்கு அன்றைக்குப் பூமியில் கால் பாவவில்லை.

கங்காதரனின் டேனரி எதுவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கீழ்க்கொல்லைக்கு மேற்கே, ஓடையை ஒட்டி இருப்பது அதுதான். தோல் ஊறவைத்த உப்புத் தண்ணீரும், மயிர் நீக்கிய சுண்ணாம்புத் தண்ணீரும், குரோம் கலந்த நீலத் தண்ணீரும் அந்த ஓடை வழியாகத்தான் ஊரைத் தாண்டி ஆற்றுக்குப் போயின. ஓடையோரத்துக் கன்னியப்பனின் கிணறு முதலில் கெட்டது. பிறகு மனோரமாவின் அப்பா கோவிந்தசாமியின் கிணறு. தென்னையில் குரும்பை நிற்கவில்லை. அவளுடைய அம்மா பூரணி அடுப்பில் ஏற்றுகிற துவரம்பருப்பு, எத்தனை விறகு வைத்தாலும் வேகாமல் கல்லாகவே கிடந்தது. ஊருக்கு மிச்சம் இருந்தவை மேட்டுப் பக்கத்துக் கிணறுகள் மட்டும். கோடையில் அவற்றில் ஊற்று மந்தம். பெண்கள் விடியுமுன்பே குடத்தை வரிசையில் வைத்துக் காத்துக் கிடந்தார்கள்.

அந்தச் சித்திரையில் ஊர் பொறுமை இழந்தது. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தொட்டி கட்டாமல் ஒரு சொட்டு விடமாட்டோம் என்று கன்னியப்பனும் கோவிந்தசாமியும் ஆட்களைச் சேர்த்து ஓடையின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். தண்ணீர் எதிர்த்து டேனரியின் பின்வாசலுக்கே ஏறியது. உள்ளே வேலை நின்றது. சமாதானம் பேசத் தாசில்தார் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மனோரமாவும் ஊரில் இருந்தாள். பட்டிமன்றம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "ஆம்பூரையே ஜெயிச்சுட்டு வந்தவ" என்று கன்னியப்பன் அவளை ஆரம்பப் பள்ளிக்கு அழைத்துப்போய் முன்பெஞ்சில் உட்கார வைத்தார்.

கங்காதரன் எழுந்து நின்றார். அவர் சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை.

"தொட்டி கட்ட மாட்டோம்னு நாங்க சொல்லல. பிளான் போடணும், சாமான் வரணும், ரொம்ப காலம் பிடிக்கும். அதுவரைக்கும் நீங்களும் தவிக்கணும், வேலை இல்லாம எங்க ஆளுங்களும் தவிக்கணுமா? இதுக்கு நான் ஒண்ணும் புதுசா சொல்லப் போறது இல்ல. உங்க ஊரு பொண்ணு மனோரமா டீச்சர் மேடையில சொன்னதைத்தான் சொல்றேன். காய்ச்சலுக்கு மருந்து வர்ற வரைக்கும் நெத்தியில ஈரத்துணி போடணும். போடாத பிள்ளை பிள்ளையே இல்ல. அந்த ஈரத்துணியை நாங்க போடறோம். தினமும் லாரியில நல்ல தண்ணி வரும், ஊரு பூரா பிடிச்சுக்கலாம். மூட்டையை மட்டும் எடுத்துடுங்க."

மனோரமாவுக்கு முதலில் காதில் விழுந்தது விளங்கவில்லை. அவளுடைய சொற்கள்தான். அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவள் குரலை உயர்த்திய இடத்தில் உயர்த்தி, அந்த மனிதர் கருத்து மாறாமல் சொன்னார். யாரோ தன் புடவையை உடுத்திக்கொண்டு எதிரே வந்து நிற்பதுபோல் இருந்தது. ஊர் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது.

"நீங்க சொன்னதுதானாம்மா?" என்று தாசில்தார் கேட்டார்.

அவள் எழுந்தாள். "நான் சொன்னது வேறங்க. அது ஆகாசத்தைப் பத்தி."

யாரோ சிரித்தார்கள்.

"ஆகாசத்துக்கே சரின்னா கிணத்துக்குச் சரியில்லாம போயிடுமா மேடம்?" என்றார் கங்காதரன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் இருந்தார்.

"துணி போடலாம். ஆனா காய்ச்சலையும் பாக்கணும். ரெண்டும் சேந்து நடக்கணும்."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்."

அவள் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, "லாரி எங்க நிக்கும்? எங்க தெருவுல நிக்குமா?" என்று கேட்டாள். உடனே இன்னொருத்தி, "முதல்ல எங்க தெரு" என்றாள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. பூரணியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். லாரி கோயிலண்டை நிற்கட்டும் என்று அவளும் சொன்னாள். கன்னியப்பன் மட்டும், "தொட்டிக்கு நாள் குறிச்சுச் சொல்லுங்க" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "சீக்கிரமே" என்றார் கங்காதரன். பொழுது சாய்வதற்குள் மணல் மூட்டைகள் கரையேறின.

வீட்டுக்கு நடக்கும்போது மனோரமா அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

"தப்பு பண்ணிட்டனாப்பா?"

கோவிந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ இன்னாம்மா பண்ணே? உங்கம்மா இடுப்பு வலிக்குதுன்னு ராவெல்லாம் புரள்றா. தண்ணி வந்தா வரட்டும்."

தண்ணீர் வந்தது. சொன்ன சொல் தவறாமல் வந்தது. அடுத்த முறை மனோரமா ஊருக்குப் போனபோது பூரணி அவளை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சட்டியைத் திறந்து காட்டினாள். பருப்பு மெத்தென்று குழைந்திருந்தது. "பாரேன், கரண்டியே படல, தானா மசிஞ்சுடுச்சு" என்று சொன்னவளுக்குக் கண் கலங்கிற்று. அதைப் பார்த்தபின் மனோரமாவின் மனத்திலிருந்த முள் மழுங்கிவிட்டது. ஈரத்துணி பொய் இல்லை. துணியால் அம்மாவுக்கு உண்மையிலேயே சுகம் கிடைத்திருக்கிறதே.

அடுத்து வந்த மாதங்கள் லாரியின் ஹார்ன் சத்தத்தில் ஓடின. தொட்டியைப் பற்றிக் கேட்பது முதலில் வாராவாரம் நடந்தது. பிறகு நல்ல நாள் பெரிய நாளில். பிறகு கன்னியப்பன் மட்டும். மேட்டுக் கிணறுகளுக்கு யாரும் போகவில்லை. வாசலிலேயே தண்ணீர் கிடைக்கும்போது கயிறும் குடமுமாக மேடேறுவானேன்? டேனரியில் புதிதாக ஷெட் போட்டார்கள். தோலைப் போட்டுச் சுழற்றுகிற ராட்சத மர டிரம்கள் வந்திறங்கின. ஊர்ப் பையன்கள் நிறையப் பேருக்கு அங்கே வேலை கிடைத்தது. ஓடை முன்னைவிட அகலமாக ஓடிற்று. ஊருக்குள் எல்லோரும் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள், அவ்வளவுதான். மனோரமாவும் அப்படித்தான் தாண்டினாள்.

எண்பத்தைந்தாம் வருஷப் பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, கோயிலண்டை குடங்கள் வரிசையாக நின்றன. வெயில் ஏறியது. லாரி வரவில்லை. பண்டிகை, டிரைவர் குடித்துவிட்டுக் கிடப்பான் என்றார்கள். மறுநாளும் வரவில்லை. டேனரிப் பக்கம் போய் வந்த பையன் ஒருவன், கேட் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்றான்.

"சரி, மேட்டுக் கிணறு இருக்குதே" என்று கோவிந்தசாமி தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பின்னால் பாதி ஊர் போயிற்று. மனோரமாவும் போனாள்.

கிணற்றைச் சுற்றிப் புதர் மண்டியிருந்தது. கோவிந்தசாமி வாளியை இறக்கி, முகந்து, இழுத்து, கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தார். வாளியில் இருந்தது டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. விளிம்பைச் சுற்றிச் சோப்பு நுரைபோல ஒரு நுரை, உடையாமல் அப்படியே நின்றது. கன்னியப்பன் விரலை விட்டு நாக்கில் வைத்தார். திரும்பிக் காறித் துப்பினார்.

"மேலாக்க அப்படித்தான் இருக்கும். ரொம்ப நாள் இறைக்காதது. அடியில நல்லா இருக்கும்" என்றார் கோவிந்தசாமி. ஊற்றிவிட்டு மறுபடி முகந்தார். அதே நிறம். மறுபடி முகந்தார். கயிறு கையை அறுத்தது. மற்றவர்கள் கயிற்றை வாங்கப் போனால் அவர் கொடுக்கவில்லை. இறைத்து இறைத்துக் காலடியெல்லாம் சேறாயிற்று. அந்தச் சேற்றிலும் நுரை நின்றது. அப்பா இப்படி ஒரு காரியத்தை விடாமல் செய்து மனோரமா பார்த்ததில்லை. பக்கத்துக் கிணறுகளுக்கும் ஆள் ஓடிற்று. ஒன்றில் நிறம் இல்லை, உப்பு வாயில் வைக்க முடியவில்லை. மற்றதில் நாற்றம்.

"நல்லா இருந்த கிணறாச்சே இது" என்றாள் பூரணி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நல்லா இருந்த கிணறாச்சே."

"எப்ப நல்லா இருந்துச்சு? எப்ப கெட்டுச்சு? யாருக்குத் தெரியும்? யாரு வந்து பாத்தது?" என்றார் கன்னியப்பன். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவரும் அப்போதுதான் தன்னையே கேட்டுக்கொள்கிறார் என்று தெரிந்தது.

மனோரமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி வராத முன்காலத்தில் ஊருக்குக் கஷ்டம் இருந்தது. ஆனால் குடிக்கிற கிணறும் இருந்தது. இப்போது லாரியும் இல்லை, கிணறும் இல்லை. இடைப்பட்ட காலம் முழுவதும் ஓடைக் கழிவு நிலத்துக்குள் இறங்கி மேட்டுக் கிணறுவரை வந்திருக்கிறது, கெடுதல் நிற்கவே இல்லை. அது நடப்பது தெரியாமல் இருந்தது, அவ்வளவே. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அந்த நல்ல தண்ணீர். அம்மாவின் பருப்பு வெந்த அதே தண்ணீர்.

அன்றைக்கே அவள் பஸ் பிடித்து ஆம்பூர் போனாள். கேட்டுக் கேட்டுக் கங்காதரனின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர் சவரம் பண்ணாத முகத்தோடு, லுங்கியோடு, வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

"முதலாளிங்க பங்காளிங்களுக்குள்ள தகராறு மேடம். கோர்ட்டுல ஸ்டே வாங்கிட்டாங்க. எனக்கே கேட்ல பூட்டைப் பாத்துதான் தெரியும். லாரிக்கு யாரு டீசல் போடுவாங்க?"

"தொட்டி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இடம் பாத்தோம். பொய் சொல்லல, அளந்து கல்லுகூட நட்டோம். பேச்சு எடுக்கும்போதெல்லாம் முதலாளிங்க ஒண்ணுதான் கேப்பாங்க. ஊருல எவனாவது சத்தம் போடறானா? இல்ல. லாரி ஓடுதா? ஓடுது. அப்புறம் இன்னா அவசரம்? எனக்குப் பதில் தெரியல மேடம். அந்த இடத்துலதான் புது ஷெட் வந்துச்சு."

மனோரமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்காகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

"நீங்க அன்னிக்குப் பேசினதை நான் நெஜமா நம்பினேன்" என்றார் கங்காதரன். "இப்பவும் அதுல இன்னா தப்புன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

அவள் எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் தாண்டிவிட்டது தெரிந்தது.

அந்தக் கோடை முழுதும் கீழ்க்கொல்லைப் பெண்கள் ஆலங்காயம் சாலையில் ஒரு பம்புசெட்டுக்கு நடந்தார்கள். கன்னியப்பன் மாடுகளை விற்றுவிட்டு வாலாஜாபேட்டையில் மச்சான் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். ஊர் கூடி வழக்குப் போட்டது. மனோரமா மேட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சாட்சி சொல்லவும் போனாள். குழாய்த் தண்ணீர் வர இன்னும் சில வருஷம் பிடித்தது. கிணறுகள் திரும்பவில்லை.

ஆனால் அவளை உலுக்கிய பெரிய அடி, அந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாளே விழுந்தது. ஆசிரியர் அறையில் ஜஹீதா மட்டும் இருந்தாள். மனோரமா நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, "நீ அன்னிக்கே சொன்ன ஜஹீதா. கை ஓயும், மொத்தச் சூடும் ஒரே மூச்சுல இறங்கும்னு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

ஜஹீதா மடித்துக்கொண்டிருந்த புர்க்காவை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு எங்க தெரியும்? உனக்கு எதிரா பேச ஆள் வேணும்னு கேட்டாங்க, ஒத்துக்கிட்டேன். ஏதோ பத்திரிகையில கிடைச்ச பாயிண்ட். கைதட்டு வாங்கும்னு எடுத்துக்கிட்டேன். ஒரு வார்த்தையும் நம்பிச் சொல்லல மனோ. நீ ஈரத்துணின்னு சொன்னப்போ, அட, இதுதானே சரின்னு எனக்கே பட்டுச்சு. உங்க ஊரு கூட்டத்துல நான் இருந்திருந்தா லாரி வரட்டும்னுதான் சொல்லியிருப்பேன்."

அப்படியானால் அந்தப் பந்தலில் அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவே உண்மை சத்தமாக, மைக்கில், நல்ல தமிழில் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவளும் நம்பவில்லை. கேட்டவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். அதைத் தோற்கடித்தவள் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"இப்ப அதே தலைப்பைக் கொடுத்தா எந்தப் பக்கம் பேசுவே?" என்று ஜஹீதா மெல்லக் கேட்டாள்.

"தெரியல. பூமிக்குக் காய்ச்சல் இருக்கே ஜஹீதா. அது பொய் இல்லையே."

மணி அடித்தது. வராந்தாவில் பெண்கள் வகுப்பு மாறி ஓடுகிற சத்தம் கேட்டது. இருவருக்கும் அந்த நேரத்தில் வகுப்பு இருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.